தடிமனையும் சேர்த்துச் சொன்னேன்

என் மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த ஆண்டு எங்கள் வீட்டில் புலமைப்பரிசில் பரீட்சையைத் தவிர வேறு கதை இல்லை. திருநெல்வேலியில் எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு ரியூசன் வீடு இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோற்றை அரைகுறையாக விழுங்கிவிட்டு, அவள் அங்கே ஓடுவாள். சனி ஞாயிறுகளில் மாதிரி வினாத்தாள். பாடமாக்கியதை நான் கேட்பேன், பிழைவிட்டதைத் திரும்ப எழுதவைப்பேன். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் என் கணவருக்கு இந்தப் பரீட்சையில் பெரிய மதிப்பில்லை. "அது பிள்ளையளின்ரை சோதினை இல்லை, தாய்மாற்றை சோதினை" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் வடகரையில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தப் பரீட்சையில் சித்தியடைந்துதான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன், பிறகு டொக்டரானேன். பரீட்சை இல்லாமலும் என் மகளுக்கு எல்லாம் கிடைக்கும் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியும் என்னால் விடமுடியவில்லை.

இந்த ஓட்டத்தில் அவளுக்கு அடிக்கடி தொண்டை நோ வந்தது. அவளுடைய ரொன்சில்கள், தொண்டையின் இரு பக்கத்திலும் இருக்கும் அந்தத் தசைக்கட்டிகள், கொஞ்சம் பெரியவை. சில தடவைகள் உண்மையாகவே மோசம்: கடும் காய்ச்சல், கட்டிகளின்மேல் வெள்ளைப் புள்ளிகள், எச்சில்கூட விழுங்கமுடியாமல் அழுவாள். மற்றவை எல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற தடிமன். மூக்கால் ஓடும், இருமும், தொண்டை கரகரக்கும், தானாகவே மாறிவிடும். ஆனால் எது வந்தாலும் ரியூசன் தவறியது. வினாத்தாள் தவறியது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளி ஏறிக்கொண்டு போக, என்னுடைய பிள்ளை போர்வைக்குள் கிடக்கிறாளே என்று எனக்குள் ஒரு எரிச்சல் வளர்ந்தது. காய்ச்சலோடு படுத்திருந்த பிள்ளையின் மேல் எரிச்சல்பட்டிருக்கிறேன். அதை எழுதவே கூசுகிறது.

நான் வேலை செய்தது புத்தூருக்கு அப்பால் ஒரு சிறிய அரசாங்க மருத்துவமனையில். காலையில் வெளிநோயாளர் பிரிவில் வரிசை முற்றம் வரைக்கும் நிற்கும். மழைக்காலத்தில் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தொண்டை நோ. மழை விட்ட பிறகு ஒரு நாள், ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெங்காயம் வைக்கிற குடும்பம். தோட்டத்துக்கு இறைத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள், காலில் செம்மண் காயவில்லை. பெடியனுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தேன். என் மகளின் தொண்டை மாதிரியே, கொஞ்சம் பெரிய ரொன்சில்கள்.

"டொக்டர், உவனுக்கு எப்ப பாத்தாலும் தொண்டை நோ. வெட்டி எடுத்துவிட்டால் நல்லமெண்டு சனம் சொல்லுது. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"எப்ப பாத்தாலும் எண்டால் எப்பிடி, தங்கச்சி? இருமல், சளி, மூக்காலை ஓடுறது எல்லாம் வாறதோ?"

"ஓம், கனதரம் அப்பிடித்தான்."

"அது தடிமன். அதைக் கணக்கிலை எடுக்கக்கூடாது. இருமல் இல்லாமல், நல்ல காய்ச்சலோடை, தொண்டையிலை வெள்ளை படிஞ்சு, கழுத்திலை நெறி கட்டி வருதே, அதைத்தான் எண்ணவேணும். அது வருசத்திலை எத்தினை தரம்?"

அவள் யோசித்தாள். "மூண்டு, இல்லாட்டி நாலு."

"அப்ப வெட்டத் தேவையில்லை. வளர வளரக் குறையும். ஒப்பரேசன் எண்டால் மயக்கவேணும். பிறகும் ரத்தம் போகக்கூடும். சும்மா வெட்டுறேல்லை, தங்கச்சி. பொறுத்துப் பாப்பம்."

அவள் என்னை நம்பினாள். தலையை ஆட்டி, மகனின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அன்று நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அதே கிழமை ஒரு பின்னேரம், என் மகளைக் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் எனக்குப் படிப்பித்தவர். கதைப்பது குறைவு, கேட்பது அதிகம். எங்களுக்கு விரிவுரையில் அடிக்கடி சொல்வார், கத்தி பிடிக்கப் பழகுவதைவிடப் பிடிக்காமல் இருக்கப் பழகுவதுதான் கஷ்டம் என்று. மகளைக் கதிரையில் இருத்தி, நெற்றி விளக்கைப் போட்டு, நாக்கை அழுத்திப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். காதுகளையும் பார்த்தார்.

"பெரிசுதான். ஆனால் பெரிசெண்டதுக்காக வெட்டுறேல்லை, உமக்குத் தெரியும். நித்திரையிலை குறட்டை விடுறவவோ? மூச்சு நிண்டு நிண்டு வருதோ?"

"இல்லை, சேர்."

"அப்ப எத்தினை தரம் வந்ததெண்டதுதான் கதை. போன வருசம்?"

பொதுவாக எங்களுக்குள் ஒரு அளவு இருக்கிறது. ஒரு ஆண்டில் ஏழு தடவை, அல்லது அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐந்தைந்து தடவை உண்மையான தொண்டை அழற்சி வந்தால் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கலாம். அதற்குக் குறைவென்றால் காத்திருப்பதே பிள்ளைக்கு நல்லது. அந்த அளவு எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஏழு, சேர்," என்றேன்.

"இருமலோடை வந்ததையும் சேத்தோ?"

"இல்லை."

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, என்ரை பிறந்தநாளுக்கு வந்தது இருமல்தானே? நான் கேக் வெட்டேக்கை இருமினனான்."

"அது வேறை, குஞ்சு," என்று அவளுடைய முழங்காலில் கையை வைத்தேன். மெல்ல அழுத்தினேன். அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

நிபுணர் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "சோதினை வருதெண்டு அவசரப்படுறீரோ?"

"இல்லை, சேர். பிள்ளை மெலிஞ்சு போச்சு. சாப்பிடுறாளில்லை."

திரும்ப எழுதத் தொடங்கினார். "உம்மடை பிள்ளை. நீரும் டொக்டர். நீர் சொன்னாச் சரி," என்றார். சித்திரை விடுமுறையில் செய்வதென்று முடிவாயிற்று.

ஏழு என்பது முழுப்பொய்யும் இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தொண்டை நோ என்று அவள் படுத்த தடவைகளை எண்ணினால் ஏழு வரும். தடிமனையும் சேர்த்தால் வரும். ஆனால் சேர்க்கக்கூடாது என்று புத்தூர்த் தாய்க்குப் பாடம் எடுத்தவள் நான்தான்.

இரவுச் சாப்பாட்டின்போது கணவர் கேட்டார். "ஏழு தரமோ? எனக்கு ஒரு நாலுதான் ஞாபகம்."

"நீங்கள் வீட்டிலை நிண்டாத்தானே தெரியும்."

அவர் சோற்றைப் பிசைந்தார். மருத்துவ விசயத்தில் என் சொல்லுக்கு மேலே சொல் வைப்பதில்லை என்பது அவருடைய பழக்கம். அந்த மரியாதையை அன்றைக்கு நான் அவரை அடக்குவதற்குப் பயன்படுத்தினேன்.

சத்திரசிகிச்சை சுகமாக முடிந்தது. அடுத்த நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். தொண்டையின் இரு பக்கமும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அது சீழ் அல்ல, புண் ஆறுகிற விதம் அது, என்று அவளுக்குக் கண்ணாடியில் காட்டி விளங்கப்படுத்தினேன். நோவிருந்தாலும் விழுங்கவேண்டும், குடிக்கவேண்டும், சாப்பிடாமல் விட்டால்தான் கிருமி பிடிக்கும் என்றும் சொன்னேன். ஐஸ்கிறீம் வாங்கிவைத்தேன். இரண்டு கரண்டிக்குமேல் அவள் தொடவில்லை. இளநீரைக் கையால் தள்ளிவிட்டாள். கதைக்க முடியாததால் கையால்தான் எல்லாம்.

அவள் கட்டிலில் சும்மா இருக்கிறாளே என்று நான் பழைய வினாத்தாள்களைக் கொண்டுபோய்த் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். "கதைக்கத் தேவையில்லைத்தானே, பென்சிலாலை செய்யலாம்தானே" என்றேன். அவள் செய்தாள். எச்சிலைத் துவாயில் துடைத்துத் துடைத்துச் செய்தாள். அவள் எவ்வளவு குடித்தாள் என்று பார்த்ததைவிட, எவ்வளவு புள்ளி எடுத்தாள் என்றுதான் நான் கூடுதலாகப் பார்த்தேன்.

ஒரு கிழமை அளவில், ஒரு மத்தியானம், அவள் நித்திரை. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு அவள் செய்த தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவளுடைய கழுத்து அசைவதைக் கண்டேன். விழுங்கினாள். கொஞ்சத்தில் திரும்பவும் விழுங்கினாள். திரும்பவும்.

ரொன்சில் எடுத்த பிள்ளை நித்திரையில் அடிக்கடி விழுங்கினால், அது எச்சில் இல்லை, ரத்தம். வெளியே ஒரு துளி வராது. எல்லாம் வயிற்றுக்குள் இறங்கும். இதை நான் தாதிமாருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மத்தியானம், தொண்டை காய்ந்துபோயிருக்கும், எழும்பியதும் தண்ணி கொடுப்போம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, அப்படி இருக்கவேண்டும் என்று விரும்பினேன். குனிந்து, கையில் இருந்த பக்கத்தைத் திருத்தி முடித்தேன்.

அவள் திடுக்கிட்டு எழும்பினாள். என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்தினாள். பொத்திய விரல்களுக்கு இடையால், வயிற்றில் இறங்கியிருந்த கறுத்த ரத்தம் சத்தியாக வந்தது. கட்டிலிலும் என் மடியிலும் கொட்டியது. அதற்குப் பின்னால் சிவப்பாக, புதிதாக வந்தது.

நான் சத்தம்போடவில்லை. கை தன் வேலையைச் செய்தது. அவளை முன்பக்கம் சரித்து, விழுங்கவேண்டாம், துப்பு, துப்பு என்று ஒரு கோப்பையைக் கையில் கொடுத்து, கணவருக்குப் போன் எடுத்துவிட்டு, தூக்கிக்கொண்டு ஒழுங்கை முகப்புக்கு ஓடினேன். சந்தியில் நின்ற ஓட்டோவில் ஏறினோம். சந்தைக் கூட்டத்தில் பலாலி வீதி நெருக்குப்பட்டுக் கிடந்தது. முன்னால் ஒரு பஸ் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு நின்றது. ஓட்டோக்காரர் ஹோனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கோப்பைக்குள் துப்பிக்கொண்டு வந்தாள். அழவில்லை. அவளுடைய கை மெல்ல மெல்லக் குளிர்ந்ததுதான் எனக்குத் தெரிந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வேகமாக ஓடியது. எத்தனை என்று எண்ண எனக்குத் துணிவு வரவில்லை.

கணவர் போனில் சொல்லி, நிபுணர் எங்களுக்கு முன்னரே பெரிய மருத்துவமனைக்கு வந்து நின்றார். தொண்டையைப் பார்த்த உடனேயே, "தியேட்டருக்குக் கொண்டுபோங்கோ" என்றார். திரும்பவும் மயக்கவேண்டும், ரத்தம் விழுங்கிய வயிற்றோடு மயக்கவேண்டும், முதல் தடவையைவிட அது ஆபத்து. இவ்வளவும் தெரிந்த ஒருத்தி வெளியே வாங்குப் பலகையில் இருப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை.

கணவர் வந்தார். என் மடியில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தார். அந்த நேரம் ஒரு இளம் தாதி வந்து விபரம் கேட்டாள். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டருக்குத் தேவையாம். ஒவ்வாமை ஏதும்? இல்லை. கடைசியாக எப்ப சாப்பிட்டவ? காலமை, கொஞ்சக் கஞ்சி. முதல் ஒப்பரேசன் ஏன் செய்தது?

"அடிக்கடி ரொன்சில் அழற்சி," என்றேன்.

"வருசத்துக்கு எத்தினை தரம், டொக்டர்?"

கணவர் நிமிரவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என் பிள்ளையை மயக்க ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"ஏழு," என்றேன்.

தாதி போய்விட்டாள். நெடுநேரம் கழித்து அவர், "நீர் ஏனப்பா..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. தியேட்டர் கதவு திறந்தது.

ரத்தம் நின்றுவிட்டது. சில நாட்கள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். அவள் தேறினாள். அந்தப் பரீட்சையையும் எழுதினாள். வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் வந்தது. பெறுபேறு வந்த அன்று, நான் என்ன செய்வேனோ என்று அவள் கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்தாள். "பறவாயில்லை, குஞ்சு" என்று கட்டிக்கொண்டேன். என் கைக்குள் அவள் மரக்கட்டை மாதிரி நின்றாள்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. வந்து பார்த்த சொந்தக்காரர், "நல்லகாலம், தாய் டொக்டரானபடியாத் தப்பிச்சுது" என்றார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தேன்.

மழை தொடங்கியபிறகு புத்தூர்த் தாய் திரும்ப வந்தாள். இந்த முறை அவள் முகம் வேறாக இருந்தது. கதிரையில் இருக்கவில்லை. மகனைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றாள். அவனுக்குக் காய்ச்சல் இருந்தது.

"டொக்டர், உங்கடை பிள்ளைக்கு ரொன்சில் வெட்டினதாமே?"

எங்கள் மருத்துவமனையில் யாரோ சொல்லியிருப்பார்கள். "ஓம்," என்றேன்.

"அப்ப எங்கடை பிள்ளைக்கு மட்டும் ஏன் வேண்டாமெண்டனீங்கள்? உங்கடை பிள்ளைக்கு நல்லது எங்கடை பிள்ளைக்குக் கூடாதோ? தோட்டக்காரற்றை பிள்ளை எண்டபடியாலோ?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கதவைச் சாத்தச் சொன்னேன். பெடியனைப் பார்த்தேன். இருமினான், மூக்கால் ஓடியது, தொண்டையில் வெள்ளை இல்லை. தடிமன்தான். அவளுக்கு நான் முன்பு சொன்னது அன்றைக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் இப்போது அதைத் திரும்பச் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நம்பாமல் இன்னொரு இடத்துக்குப் போய், அங்கே என்னைப்போலவே எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால், அவனையும் மயக்கி வெட்டுவார்கள். வேறு பதில் ஏதாவது சொல்லலாமா என்று நான் தேடவே செய்தேன். என் பிள்ளைக்கு வேறு நோய் இருந்தது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இருங்கோ, தங்கச்சி," என்றேன். "என்ரை பிள்ளைக்கும் தேவையில்லை. உங்கடை மகனுக்கு வாற மாதிரித்தான் அவளுக்கும் வந்தது. சோதினைக்குப் படிக்கவேணும், தொண்டை நோ எண்டு படுக்கக்கூடாது எண்டு நான்தான் பெரிய டொக்டரிட்டை கூட்டிச் சொன்னனான்."

அவள் என்னையே பார்த்தாள்.

"வெட்டினாப்பிறகு அவளுக்கு ரத்தம் போனது. திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோனது. நான் உங்களுக்கு வேண்டாமெண்டது சரி. என்ரை பிள்ளைக்குச் செய்வித்ததுதான் பிழை."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட இந்தச் சொற்களில் சொன்னதில்லை. முன்பின் பழக்கமில்லாத ஒருத்தியிடம், காய்ச்சல் பிள்ளை ஒன்று கேட்டுக்கொண்டு நிற்க, சொன்னேன்.

அவள் கதிரையில் இருந்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். "இப்ப எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டாள்.

"சுகம்."

"பெரிய டொக்டருக்கு உது தெரியுமோ, நீங்கள் கூட்டிச் சொன்னது?"

"தெரியாது."

அவள் மகனைத் தன் பக்கம் இழுத்தாள். "குறை நினைக்காதேங்கோ, டொக்டர். நான் அவரிட்டையும் ஒருக்காக் காட்டத்தான் போறன். நீங்கள் சொல்லுறதை மட்டும் வைச்சு இனி இருக்கேலாது."

அது நியாயம். நிபுணரின் அரசாங்கக் கிளினிக்குக்கு அவளை அனுப்பிவைத்தேன். பெடியனுக்கு இதுவரை எத்தனை தடவை, எந்த விதமாக வந்தது என்று அவளிடம் பொறுமையாகக் கேட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

அவள் போவதற்கு முன்னர் நான் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவளுடைய வாயால் அவருக்குத் தெரியவரும் என்ற பயமும் அதில் இருந்தது. அதை மறைக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம், கடைசி நோயாளி போனபிறகு, அவருடைய அறைக்குள் போனேன்.

"பிள்ளை எப்பிடி?" என்றார்.

"நல்லாயிருக்கிறாள், சேர். சேர், நான் ஏழு எண்டு சொன்னனான். அது உண்மையில்லை. மூண்டு நாலுதான் உண்மையான அழற்சி. மிச்சம் தடிமன்." புத்தூர்த் தாய் மகனோடு வந்து கேட்டதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் சத்தம் போடுவார் என்று நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். சத்தம் போடவில்லை.

"வேறை ஒரு தாய் வந்து ஏழெண்டிருந்தால், ஒவ்வொரு தரமும் ஆரிட்டைக் காட்டினனீங்கள், என்ன மருந்து எழுதினவை, கொண்டுவந்து காட்டுங்கோ எண்டு கேட்டிருப்பன். உம்மட்டைக் கேக்கேல்லை. பிள்ளை ஏதோ சொல்ல வெளிக்கிட்டது, அதையும் காதிலை விழுத்தேல்லை. அது என்ரை பிழை. ஆனால் ஒண்டு சொல்லுறன், கேளும். ரெண்டாம் தரம் அந்தப் பிள்ளையை மயக்கித் தையல் போட்டாப்பிறகும், நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பப் பாத்தனான். இத்தினை வருசத்திலை அப்பிடிப் பாத்ததில்லை. நான் செய்ததிலை எங்கை பிழை விட்டனான் எண்டு எத்தினையோ நாள் யோசிச்சனான்."

நான் என் பிள்ளையை மட்டும்தான் நினைத்திருந்தேன். இந்த மனிசனுக்கும் நித்திரையில்லாமல் போயிருக்கும் என்பது என் எண்ணத்தில் வரவேயில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சேர்."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அந்தப் புத்தூர்ப் பெடியனை அனுப்பும், பாப்பம்," என்றார். நான் எழும்பி வந்தேன்.

பெடியனைப் பார்த்து, வெட்டத் தேவையில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் அவரும் சொன்னார். அடுத்த மழைக்குள் அவனுக்குத் தொண்டை நோ குறைந்துவிட்டது. தாயை இடைக்கிடை மருத்துவமனையில் காண்கிறேன். சிரிப்பாள். ஆனால் வரிசையில் மற்ற டொக்டரின் அறைப்பக்கம்தான் நிற்பாள்.

எல்லாம் சொல்லிவிட்டேன், இனிப் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். மகளிடம் நான் சொல்லவில்லை. அவள் சின்னப்பிள்ளை, மறந்துவிட்டாள் என்று எனக்கு வசதியாக ஒரு எண்ணம்.

அந்த ஆண்டு மார்கழிக் குளிரில் ஒரு காலை, கட்டிலைத் தட்டி விரிக்கும்போது அவளுடைய தலையணை உறையில் மஞ்சளாகக் கறை. முகர்ந்து பார்த்தேன். காதால் வடிந்த சீழ். பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டுக் காதுக்குள் லைட் அடித்தேன். செவிப்பறை வெடித்திருந்தது. செவிப்பறை வெடிக்குமளவுக்குச் சீழ் கட்டினால் அதற்கு முன்னர் பிள்ளைக்கு எப்படி நோகும் என்பது எனக்குத் தெரியும். பெரிய ஆட்களே சுவரில் தலையை இடிப்பார்கள்.

"இவ்வளவு நோவை வைச்சுக்கொண்டு ஏன் சொல்லேல்லை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"சொல்லு, குஞ்சு. அம்மா பேசமாட்டன்."

"சொன்னா நீங்கள் கூட்டிச் சொல்லுவியள்," என்றாள். "பிறகு காதையும் வெட்டுவினம்."

நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டேன். அவளுடைய கையைப் பிடிக்கப் போனேன், பிறகு பிடிக்கவில்லை. முழங்காலில் கைவைத்து அழுத்தியது எனக்கு நினைவிருந்தால் அவளுக்கும் நினைவிருக்கும்.

"நீ சொன்னது சரி," என்றேன். "பிறந்தநாளுக்கு வந்தது இருமல்தான். அம்மா பொய் சொன்னனான். உனக்கு அந்த ஒப்பரேசன் தேவையில்லை."

"ஏன் சொன்னனீங்கள்?"

"சோதினைக்காக."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். பிறகு வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள்.

அன்று அவளை மருத்துவரிடம் கூட்டிப்போனது கணவர். நானும் போனேன், அறைக்கு வெளியே இருந்தேன். எப்போது தொடங்கியது, எவ்வளவு நோ, எல்லாவற்றையும் அவளே சொன்னாள் என்று கணவர் பிறகு சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாளாம், தெரியாததைத் தெரியாது என்றாளாம். செவிப்பறை ஆறும்வரை காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் கீரிமலைக் கேணிக்குக் குளிக்கப் போனபோது அவள் படிக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். அது ஆறிவிட்டது. காது இப்போது நன்றாகக் கேட்கிறது.

என்னோடு நல்லாகத்தான் கதைக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பகிடிகளைச் சொல்கிறாள், சண்டை பிடிக்கிறாள், என் சேலைகளைக் கட்டிப் பார்க்கிறாள். ஆனால் உடம்புக்கு ஏதாவது என்றால், வீட்டில் டொக்டர் ஒருத்தி இருக்க, தகப்பனைத் தேடிப் போகிறாள். போன கிழமையும் கூடத்தில் இருந்து அவளுடைய குரல் கேட்டது. "அப்பா, எனக்குத் தொண்டை கரகரக்குது, மூக்காலையும் ஓடுது. தடிமன்தான். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்."

நான் குசினியில் நின்றேன். கேட்காத மாதிரியே கொத்தமல்லியை அவித்து, கோப்பையில் ஊற்றி, அவரிடம் கொடுத்தனுப்பினேன்.